முதலில் அல்ஹம்ப்ரா டிக்கெட், அப்புறம்தான் ஹோட்டல்: கிரனாடாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் செவில், கோர்தோபா, கிரனாடா மூன்று ஊர்களையும் ஒரே வாரத்துக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். மற்ற இரண்டு ஊர்களுக்கும் பெரிய திட்டமில்லாமல் போனாலும் ஓரளவு சமாளிக்கலாம். கிரனாடாவில் அது நடக்காது. மலையேறி, கோட்டையும் அரண்மனைகளும் தோட்டமும் அடங்கிய அல்ஹம்ப்ரா வளாகத்தின் வாசல் வரை போயும், எதற்காக அத்தனை தூரம் வந்தார்களோ அந்த நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் அரண்மனைகளுக்குள் கால் வைக்காமலே திரும்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இந்த ஏமாற்றம் யாருக்கும் வராது.

முதல் தவறு, விமானச் சீட்டும் ஹோட்டலும் எடுத்துவிட்டு டிக்கெட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. நஸ்ரித் அரண்மனைகளுக்குள் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு கறாராக இருக்கிறது. வசந்த காலத்திலும் கோடையிலும் பல வாரங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். அதனால் அல்ஹம்ப்ராவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் எந்த நாளில் இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதைச் சுற்றி மற்ற பயணத்தை அமையுங்கள். விசா கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் விசா கைக்கு வந்த அன்றே முதலில் எடுக்க வேண்டியது இந்த டிக்கெட்.

டிக்கெட்டில் வகைகள் உண்டு. பொது டிக்கெட்டில் அல்காசபா கோட்டை, நஸ்ரித் அரண்மனைகள், ஹெனரலிஃபே தோட்டம் மூன்றும் அடங்கும். தோட்டங்களுக்கான டிக்கெட் விலை குறைவு, எளிதாகவும் கிடைக்கும். அதில் நஸ்ரித் அரண்மனைகள் இல்லை. அவசரத்தில் அதை எடுத்துவிட்டு, அந்த அரண்மனைகளின் வாசலில் தடுத்து நிறுத்தப்படும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவரும். இரவு நேர டிக்கெட்டும் அப்படித்தான்: அரண்மனைகளுக்கான இரவு டிக்கெட்டை வைத்துக்கொண்டு கோட்டையைப் பார்க்க முடியாது. பணம் கட்டுமுன் எதெல்லாம் அடங்கும் என்பதை ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல், பெயர். டிக்கெட் ஒவ்வொருவர் பெயரிலும் வழங்கப்படும். உள்ளே பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். குடும்பப் பெயர் என்று தனிக்கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். அங்கே அப்பா பெயரைப் போடுவதா, ஊர்ப் பெயரைப் போடுவதா என்று குழம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எண்ணையும் சரிபார்த்துப் போடுங்கள். அன்றைக்கு பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். குழந்தைகளுடையதும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது நேரம். டிக்கெட்டில் குறித்திருப்பது நஸ்ரித் அரண்மனைகளின் வாசலில் நிற்க வேண்டிய நேரம், வளாகத்துக்குள் நுழையும் நேரம் அல்ல. பிரதான நுழைவாயில் ஹெனரலிஃபே பக்கம் இருக்கிறது. அங்கிருந்து அரண்மனை வாசலுக்கு நடக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறித்த நேரம் தவறினால் கெஞ்சிப் பயனில்லை. டிக்கெட் ஏற்கெனவே போனில் இருந்தால், 1348ஆம் ஆண்டு நஸ்ரித் மன்னர் முதலாம் யூசுஃப் கட்டிய நீதி வாசல் வழியாக நுழைவது அரண்மனைக்குக் கிட்டம். நகரத்திலிருந்து ஏறுவது மூச்சு வாங்கும். இசபெல் அரசி சதுக்கத்திலிருந்து சி30 என்ற சிறிய பேருந்து மேலே போகிறது.

சரி, உள்ளே போயாயிற்று. இங்கேதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு நடக்கிறது. போனை உயர்த்திப் பிடித்தபடி, முன்னால் போகிற கூட்டத்தின் வேகத்திலேயே நடந்து, முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். உள்ளே நுழையத்தான் நேரக் கட்டுப்பாடு. நுழைந்த பிறகு யாரும் உங்களைத் துரத்துவதில்லை. ஒரு கூட்டம் கடந்து போகும், அடுத்தது வருவதற்குள் கொஞ்ச நேரம் இடம் காலியாகும். அதற்காகக் காத்திருக்கலாம்.

ஏதாவது ஒரு சுவரின் முன்னால் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். இடுப்பு உயரம் வரை நட்சத்திரக் கோலங்களாக அடுக்கிய வண்ண ஓடுகள். அதற்கு மேல் சுதையில் செதுக்கிய கொடிகளும் எழுத்துகளும். எல்லாவற்றுக்கும் மேலே மரக் கூரை. கொமாரெஸ் மண்டபத்தின் கூரையில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகள் ஏழு வானங்களைக் காட்டும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன. இத்தனை ஜாலமும் செங்கல், சுதை, மரம் போன்ற எளிய பொருள்களால் ஆனது; பளிங்கு பெரும்பாலும் தூண்களுக்கும் தரைக்கும்தான். சுவரெங்கும் ஒரே அரபு வாசகம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தால் தெரியும்: ‘இறைவனைத் தவிர வெற்றியாளன் வேறு யாருமில்லை.’ நஸ்ரித் மன்னர்களின் குலவாக்கியம் இது. ஸ்பெயினில் மற்ற முஸ்லிம் அரசுகள் விழுந்துவிட்ட பிறகும், 1238 முதல் 1492 வரை கப்பம் கட்டியும் சமரசம் பேசியும் தாக்குப்பிடித்த அரசு இவர்களுடையது. அதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது அந்த வாசகத்தின் கனம் கூடுகிறது.

14ஆம் நூற்றாண்டில் நஸ்ரித் மன்னர் ஐந்தாம் முகம்மது கட்டிய சிங்க முற்றத்தில் எல்லோரும் நடுவிலுள்ள பன்னிரண்டு சிங்கங்களைப் படமெடுப்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு சிங்கத்தின் முகம்போல் இன்னொன்று இருக்காது. அவை சுமக்கும் தொட்டியின் விளிம்பைச் சுற்றி அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக் எழுதிய கவிதை பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓடுவது நீரா, பளிங்கா என்று கண் தடுமாறுவதாக அது சொல்கிறது. முற்றத்தின் ஓரத்தில் இருக்கும் அரசர் மண்டபத்தில் பலர் தலையை நிமிர்த்துவதே இல்லை. அங்கே கூரை வளைவுகளில் தோலின்மேல் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன, மனித உருவங்களோடு. இஸ்லாமியக் கலையில் மனித உருவமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கூரை நல்ல பாடம்.

வெளியே வந்ததும் நிற்கும் கிறிஸ்தவப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அரண்மனையை, ‘இது இங்கே பொருந்தவில்லையே’ என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நுழைய டிக்கெட் வேண்டாம், உள்ளே போங்கள். 1527இல் தொடங்கிய இந்தக் கட்டடம் வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். பேரரசர் அதில் ஒருநாளும் குடியிருக்கவில்லை. கூரையே இருபதாம் நூற்றாண்டில்தான் முழுமையானது. பொருந்தவில்லை என்பது உண்மைதான். அந்தப் பொருந்தாமைதான் அந்த ஊரின் வரலாறு.

அதனால்தான், அல்ஹம்ப்ராவைப் பார்த்த கையோடு பஸ் ஏறுவதை நான் பெரிய தவறு என்கிறேன். ஜெயித்தவர்கள் கீழே நகரத்தில் இருக்கிறார்கள். 1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி மன்னர் போவாப்தில் நகரத்தை ஒப்படைத்தது கத்தோலிக்க அரசி இசபெல்லாவிடமும் அவர் கணவர் ஃபெர்டினாண்டிடமும். அவர்கள் இருவரும் அரச சிற்றாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். பளிங்கில் செதுக்கிய படுத்த உருவங்களுக்குக் கீழே, நிலவறையில், எளிய ஈயப் பெட்டிகள். பலிபீடத்தின் அடிப்பகுதிச் சிற்பங்களில் நகரம் கைமாறும் காட்சியும், முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் காட்சியும் இருக்கின்றன. சரணடைந்தபோது எழுதிய உடன்படிக்கை அவர்கள் தங்கள் மதத்திலேயே தொடரலாம் என்று வாக்களித்திருந்தது. பத்து வருடத்துக்குள் அது காற்றில் போனது. யூதர்களை வெளியேற்றும் ஆணையோ அதே 1492 மார்ச் 31இல், கிரனாடாவிலேயே கையெழுத்தானது. மேலே சுவரில் படித்த வாசகத்தையும் கீழே இந்தச் சிற்பங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். தேவாலயப் பக்கத்தில் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்துக் கைரேகை பார்க்கிறேன் என்பவர்களிடம் எதையும் வாங்காமல் நடந்துவிடுங்கள். வாங்கினால் பணம் கேட்பார்கள்.

எதிர்க் குன்றில் இருக்கும் அல்பைசின் பழைய முஸ்லிம் குடியிருப்பு. அல்ஹம்ப்ராவுக்கு 1984இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம் 1994இல் இதற்கும் நீட்டிக்கப்பட்டது. பெரும்பாலோர் சூரியன் மறையும் நேரத்தில் எதிரே அல்ஹம்ப்ரா தெரியும் சான் நிக்கோலாஸ் மேடைக்கு மட்டும் போய், நெரிசலில் ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். காலையில் போங்கள். மேடைக்குப் பக்கத்திலேயே 2003இல் திறந்த பள்ளிவாசலின் தோட்டத்திலிருந்து அதே காட்சி, அமைதியாக. இறங்கும் வழியில் சான் சல்வதோர் தேவாலயத்துக்குள் எட்டிப்பாருங்கள். பழைய பள்ளிவாசலின் முற்றம் அங்கே அப்படியே இருக்கிறது. தார்ரோ ஆற்றோரத்தில் 11ஆம் நூற்றாண்டுக் குளியல்கூடமான பன்யுவேலோவும் உண்டு. அதன் கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியாக வெளிச்சம் இறங்கும்.

அல்பைசினில் தரை முழுக்கக் கூழாங்கல், ஏற்றம் வேறு. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் இடமல்ல. பிடிமானமுள்ள காலணி வேண்டும். வாடகைக் கார் எடுத்திருந்தால் பழைய நகரத்துக்குள் கூகுள் காட்டும் வழியில் நுழையாதீர்கள். கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள். ஹோட்டலிடம் கார் எண்ணை முன்கூட்டியே கொடுத்துப் பதியச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளியே நிறுத்திவிட்டு வாருங்கள். தெற்கு ஸ்பெயின்தானே என்று குளிர்காலத்தில் மெல்லிய சட்டையோடு போவதும் தவறு. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சியரா நெவாடா பனிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

சாப்பாட்டு நேரமும் நமக்குப் பழகியதல்ல. நான்கு மணிக்கு மேல் பல சமையலறைகள் மூடினால் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் திறக்கும். பானம் ஒன்று சொன்னால் கூடவே ஒரு சிறு தட்டு இலவசமாக வருவது கிரனாடாவின் பழக்கம். சைவர்கள் தட்டு வருமுன்பே சொல்லிவிட வேண்டும், அதுவும் பன்றி இறைச்சி, டூனா மீன் என்று பெயர் சொல்லியே வேண்டாம் என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் டூனா வந்து நிற்கலாம்.

மலாகாவிலிருந்தோ செவில்லிலிருந்தோ காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒருநாள் பயணத்தில் இவ்வளவும் அடங்காது. இரண்டு இரவாவது தங்குங்கள். வந்த நாள் மாலையில் அரச சிற்றாலயமும் அதைச் சுற்றிய தெருக்களும். மறுநாள் முழுக்க அல்ஹம்ப்ரா; அரண்மனை நேரம் பிற்பகலில் கிடைத்திருந்தால் காலையில் ஹெனரலிஃபே, அப்புறம் கோட்டை. கிளம்பும் நாள் காலையை அல்பைசினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.