லாரி சோதனைக்கு இரண்டு முறை பணம் கட்டாதீர்கள்
பழைய லாரி மலிவாக வருகிறதே என்று வாங்கப்போகும் அண்ணன்மாரே, ஒரு நிமிடம். சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்கு 10 வயதுவரை ஆண்டுக்கு ஒரு சோதனை. அதைத் தாண்டினால் 6 மாதத்துக்கு ஒருமுறை. கட்டணம் ஆண்டுக்கு இரண்டு தடவை. தேறாவிட்டால் மறுசோதனைக்குத் தனிக் காசு, அதைவிட அரைநாள் வேலை போய்விடும், அதுதான் வலிக்கும். தேறாமல் சாலை வரியும் புதுப்பிக்க முடியாது.

போன தடவை என் வண்டி மாட்டியது நம்பர் பிளேட் விளக்கில்! சின்ன பல்புதான். இப்போதெல்லாம் முந்தின இரவே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று எல்லா விளக்கையும் பார்த்துவிடுகிறேன். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. புகை கறுப்பாக வந்தால் முதலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.