பேஸ், விமானம், சீட்: பைலட்டாகச் சேர்ந்த பிறகு பிட் போடுவது எப்படி

மஞ்சக்குப்பத்துப் பையன் ஒருவன் போன மாதம் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்தான். டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) முடித்து விமான நிறுவனத்தில் பைலட்டாகச் சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது. "அண்ணா, பேஸ் கேட்டு ஃபார்ம் வந்திருக்கு, மூணு ஊர் எழுதச் சொல்றாங்க, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போடணும். டெல்லி போட்டா சீக்கிரம் கேப்டன் ஆயிடலாம்னு பேட்ச்ல எல்லாரும் சொல்றாங்க, போடட்டுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டான். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: அடுத்த மூன்று வருடம் நீ எங்கே தூங்கி எழ ஆசைப்படுகிறாய்? அதற்கு அவனிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலையே ஃபார்மில் எழுதலாம் என்பதுதான் தோன்றவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை வீட்டில் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை, அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். பேஸ் என்பது பைலட் தன் வேலையைத் தொடங்கி முடிக்கிற ஊர், சீட் என்பது கேப்டனா, ஃபர்ஸ்ட் ஆபீஸரா (துணை பைலட்) என்பது, பிட் என்பது வேண்டியதை விருப்ப வரிசைப்படி எழுதிக் கேட்பது.

முதலில் நம்பர். நீங்கள் சேர்ந்த தேதியை வைத்து நிறுவனம் ஒரு சீனியாரிட்டி நம்பர் தரும். உங்களுக்கு முன் சேர்ந்தவர் எல்லாரும் உங்களுக்கு மேலே, பின்னால் வருகிறவர் எல்லாரும் கீழே. ஒரே நாளில் சேர்ந்த பேட்சுக்குள் யார் மேலே என்பதற்குத் தனி விதி உண்டு. அமெரிக்காவில் பல நிறுவனங்களில் வயதில் மூத்தவர் மேலே போவார், சிலவற்றில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்ப்பார்கள். நன்றாக ஓட்டுகிறவர், சுமாராக ஓட்டுகிறவர் என்ற கணக்கெல்லாம் அங்கே இந்த நம்பருக்குள் வராது. மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால், வேலையை விட்டால் நீங்கள் ஒரு படி ஏறுவீர்கள், அவ்வளவுதான். நிறுவனம் மாறினால் பத்து வருட அனுபவத்தோடு போனாலும் புது இடத்தில் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

இந்த நம்பரை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. உண்மையில் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பது இன்னொரு நம்பர். பேஸ், விமான வகை, சீட் ஆகிய மூன்றையும் சேர்த்தால் வருகிற ஒரு குழு இருக்கிறது, உதாரணமாக "சென்னை, ஏ320, ஃபர்ஸ்ட் ஆபீஸர்". அந்தக் குழுவுக்குள் நீங்கள் எத்தனையாவது ஆள்? ஒரு கற்பனைக் கணக்கு பார்க்கலாம். நிறுவனத்தில் 2000 பைலட், நீங்கள் 1700-வது. சென்னைக் குழுவில் 60 பேர் இருக்க, எல்லாரும் ஊர்ப்பாசத்தில் வருடக்கணக்காக நகராமல் உட்கார்ந்திருப்பதால் நீங்கள் 57-வது. டெல்லிக் குழுவில் 300 பேர், அங்கே நீங்கள் 210-வது. அதே ஆள், அதே நம்பர், ஆனால் டெல்லியில் உங்களுக்குக் கீழே 90 பேர், சென்னையில் 3 பேர். தீபாவளி லீவு, இரவு விமானம், ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் வரத் தயாராக இருக்க வேண்டிய நாள்) எல்லாம் இந்த இரண்டாவது நம்பரைப் பொறுத்துத்தான் அமையும். ஆகவே பிட் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவிலும் நீங்கள் எங்கே விழுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம்பர் வரிசைப்படி எல்லாமே ஏலம் போல நடக்கிற முழு முறை அமெரிக்க நிறுவனங்களுடையது, அங்கே அது யூனியன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டில் பல இடங்களில் பேஸை நிறுவனம் ஒதுக்கும், நீங்கள் விருப்பம் எழுதலாம், மாற்றம் கேட்டு வரிசையில் காத்திருக்கலாம். கேப்டன் ஆவதற்கு சீனியாரிட்டியோடு பறந்த மணி நேரமும் தேர்ச்சியும் சேரும், கேப்டனுக்குத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கே 1500 மணி நேரம் வேண்டும். வளைகுடா நிறுவனங்கள் சிலவற்றில் மாத ரோஸ்டர் (வேலை அட்டவணை) முன்னுரிமை குழு குழுவாகச் சுழன்று வரும், அதனால் புதியவருக்கும் சில மாதம் நல்லது கிடைக்கும். எந்த முறையாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

சரி, காலியிட பிட். நிறுவனம் "இத்தனை இடம், இந்த பேஸ், இந்த விமானம், இந்த சீட்" என்று அறிவிக்கும். நீங்கள் விருப்பங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் போடுவீர்கள். மூடிய பிறகு கணினி மிக சீனியரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கீழே வரும். ஒருவர் நகர்ந்தால் அவர் இருந்த இடம் காலியாகும், அது இன்னொருவருக்குப் போகும், அவர் இடம் மற்றொருவருக்கு. இந்தச் சங்கிலியால்தான் அறிவிப்பில் இல்லாத இடம்கூட உங்கள் கைக்கு வரலாம். எனக்கு முதல் வேலையில் இது தெரியாது. சென்னை எல்லாம் கிடைக்கவே கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் சென்னையை எழுதவே இல்லை. முடிவு வந்தபோது எனக்குக் கீழே இருந்த இருவருக்குச் சென்னை வந்திருந்தது. அதை மாற்ற எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது, அதற்குள் அப்பாவின் கண் ஆபரேஷன், தங்கை நிச்சயதார்த்தம் இரண்டுக்கும் நான் ஊரில் இல்லை. கிடைக்குமா கிடைக்காதா என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும். எட்டாத இடத்தைக் கேட்டதற்காக யாரும் உங்கள் நம்பரைக் குறைக்க மாட்டார்கள்.

அதே சமயம், கிடைத்தால் போக மனமில்லாத இடத்தை "சும்மா இருக்கட்டும்" என்று போடவே கூடாது. ஒரு இடம் ஒதுக்கி, பயிற்சியும் முடிந்துவிட்டால் குறிப்பிட்ட காலம் நகர முடியாதபடி பூட்டிவிடுவார்கள், ஏனென்றால் ஒரு பைலட்டைப் புது விமானத்துக்கு மாற்றும் செலவு பெரியது. எத்தனை மாதப் பூட்டு, பேஸ் மட்டும் மாறினால் பூட்டு உண்டா, இரண்டையும் பிட் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வகை பிட் உண்டு, அது ஆள் குறைக்கும்போது வருவது. ஒரு பேஸை மூடுகிறார்கள் அல்லது சிறிதாக்குகிறார்கள் என்றால் அங்கே ஜூனியராக இருப்பவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். அப்போது மட்டும் விதி தலைகீழ்: எல்லா இடத்தையும், பிடிக்காததையும் சேர்த்து, கடைசிவரை வரிசைப்படுத்துங்கள். காலியாக விட்டால் நிறுவனமே ஒன்றைத் தேர்ந்து கொடுத்துவிடும்.

அப்புறம் பேஸ். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் விமானம் வந்து போகிறது, ஆனால் அங்கே பேஸ் கிடையாது. ஆக நமக்குப் பக்கத்து பேஸ் சென்னைதான். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக மீனம்பாக்கத்துக்கு நல்ல நாளில் மூன்று மணி நேரம், கடலூர் என்றால் இன்னும் முக்கால் மணி. ஞாயிறு மாலை பரனூர் டோல்கேட்டும் பெருங்களத்தூரும் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். காலை ஐந்தரை மணி விமானத்துக்கு நாலரைக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், அதற்கு இங்கிருந்து இரவு ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரவெல்லாம் கார் ஓட்டிவிட்டு நான்கு செக்டர் (ஒரு ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவது ஒரு செக்டர்) பறக்கிறவரின் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டாண்ட்பை நாளில் கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் வரச் சொல்லும் இடங்கள் உண்டு, முத்தியால்பேட்டை வீட்டில் இருந்துகொண்டு அது நடக்காது. நான் செய்தது பல்லாவரத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்ததுதான். அமெரிக்காவில் வேறு ஊரில் வீடு வைத்துக்கொண்டு பேஸுக்கு விமானத்தில் வந்து போகிறவர்கள் ஏராளம், அவர்களும் இப்படித்தான் அறையைப் பங்குபோட்டுத் தங்குகிறார்கள். சென்னை பேஸ் கிடைத்துவிட்டது, இனி வீட்டிலேயே இருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லும் முன்பு இந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

விமான வகையைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். லாஸ்பேட்டை ஓடுபாதை ஏறக்குறைய 1500 மீட்டர்தான், அதனால்தான் 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ இங்கே ஏடிஆர் என்ற சிறிய விமானத்தை இயக்குகிறது. ஏடிஆரில் சேர்ந்தால் சிறிய ஊர்கள், ஒரு நாளில் நிறைய ஏற்ற இறக்கம், கை நன்றாகப் பழகும், சில இடங்களில் கேப்டன் சீட்டும் சீக்கிரம் வரும். பெரிய விமானத்தில் மாதத்துக்குச் சில பயணம்தான், ஆனால் ஒவ்வொன்றும் நாள்கணக்கில், தூக்க நேரம் மாறி மாறி வரும். சம்பளப் பட்டியலையும் பாண்ட் தொகையையும் (இடையில் விலகினால் கட்ட வேண்டியது) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஃப்ளீட்டுக்கு (நிறுவனத்தின் ஒரே வகை விமானங்களின் தொகுதி) புதிய விமானங்கள் வருகின்றன, எது குறைகிறது என்பதும் முக்கியம், குறைகிற ஃப்ளீட்டில் சேர்ந்தால் அடுத்த வருடமே மறுபடி பிட் போட நேரலாம்.

சீட்தான் மனசை அலைக்கழிப்பது. ஃபர்ஸ்ட் ஆபீஸர் குழுவில் பாதிக்கு மேலே ஏறி, வார இறுதி லீவெல்லாம் கிடைக்கத் தொடங்கும்போது கேப்டன் வாய்ப்பு வரும். எடுத்தால் சம்பளம் நன்றாக உயரும், ஆனால் கேப்டன் குழுவில் நீங்கள் கடைசி ஆள். மறுபடி ஸ்டாண்ட்பை, மறுபடி பண்டிகை நாளில் வேலை, ஒருவேளை தூரத்து பேஸ். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு வருடம் தள்ளிப்போடுவது தவறே இல்லை. ஆனால் தள்ளிப்போடும் காலத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவர் அந்த சீட்டில் அமர்ந்து அனுபவம் சேர்ப்பார் என்பதையும் தெரிந்தே முடிவெடுங்கள். என் கருத்தில் பேஸுக்காக சீட்டைத் தள்ளிப்போடலாம், நாலு பேர் பேச்சுக்காக சீட்டைப் பிடிக்கக் கூடாது.

இனி மாத பிட். பழைய முறையில் நிறுவனம் தயாராக வைத்திருக்கும் மாத அட்டவணைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். இப்போது பல இடங்களில் விருப்பங்களை மட்டும் எழுதினால் போதும், கணினி உங்களுக்கான ரோஸ்டரைக் கட்டிவிடும். அதில் புதியவர்கள் பத்துப் பதினைந்து நிபந்தனையைக் கொட்டுவார்கள்: வெள்ளி வேண்டாம், இரவு வேண்டாம், கொல்கத்தா லேஓவர் (வேலைக்கு இடையில் அங்கே தங்குவது) வேண்டும் என்று. ஜூனியருக்கு அதில் ஒன்றிரண்டுதான் தேறும், அதனால் முதல் வரியில் எது நிற்கிறது என்பதே எல்லாம். மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் குடும்பத்தோடு நிற்க வேண்டும் என்றால் அந்த ஒரு நாளை மட்டும் முதல் வரியில் போடுங்கள், மற்றதெல்லாம் கீழே. "இந்தத் தேதி லீவு" என்று தனித்தனியாக ஐந்து நாளைக் கேட்பதைவிடச் சேர்ந்தாற்போல இரண்டு நாள் கேட்பது சில மாதங்களில் எளிதாகக் கிடைக்கும், ஏனென்றால் வார ஓய்வே தொடர்ச்சியாகத்தான் வர வேண்டும். இந்தியாவில் அது 36 மணி நேரமாக இருந்தது, 2025 ஜூலையிலிருந்து 48 மணி நேரம். அந்த 48 மணி நேரத்தை ஊர்ப்பயணத்தோடு பொருத்திக் கேளுங்கள். முடிவு வந்ததும் எது ஏன் கிடைக்கவில்லை என்ற விவர அறிக்கையைக் கணினி தந்தால் அதைக் கட்டாயம் படியுங்கள். மூன்று மாத அறிக்கையைப் படித்தால் உங்கள் நம்பருக்கு எது எட்டும் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். கல்யாணம் போன்ற தவறவே கூடாத நாளுக்கு மாத பிட்டை நம்பாதீர்கள், வருடாந்திர லீவு பிட்டில் போடுங்கள்.

நம்பர் என்பது நிலையானதும் இல்லை. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் பைலட் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கினார்கள், அடுத்த ஐந்து வருடம் மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் நகரவில்லை, கீழே இருந்தவர்கள் அதே இடத்தில் நின்றார்கள். நிறுவனங்கள் இணையும்போது இரண்டு பட்டியலை எப்படிக் கோர்ப்பது என்பதில் பெரிய சண்டையே வரும். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் இணைந்தன. புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் பயிற்சி இரு பக்கத்துப் பைலட்டுகளில் யாருக்கு என்ற பிரச்சினையில் 2012 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மாதம் நடந்தது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோதும் பைலட்டுகள் முதலில் கேட்ட கேள்வி சீனியாரிட்டி என்ன ஆகும் என்பதுதான். எனவே வேறு நிறுவனம் கூடுதல் சம்பளம் தருகிறது என்றால் அதன் இணைப்புச் செய்திகளையும் பாருங்கள். நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், ஃபர்ஸ்ட் ஆபீஸருக்கு ஆறு மாதம் நோட்டீஸ் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, மூடும் நேரம். பல நிறுவனங்களில் அது யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் எழுதியிருக்கும். 12:00 என்று போட்டிருந்தால் நமக்கு அது மாலை ஐந்தரை, 00:00 என்றால் காலை ஐந்தரை, இந்தத் தேதிக் குழப்பத்தில் பிட்டைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். போட்டு முடித்ததும் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

மஞ்சக்குப்பத்துப் பையன் மறுநாள் பதினொரு மணிக்கே ஃபார்மை அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு படம் அனுப்பினான். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத். டெல்லியை எழுதவில்லை. முடிவு அடுத்த வாரம் வரும்.