தொடரில் மங்கும் பல்ப், சமாந்தரத்தில் ஏன் மங்குவதில்லை?

தொடர் என்றால் பல்ப்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் கட்டுவது. சமாந்தரம் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெட்டரிக்குக் கட்டுவது. இரண்டையும் செய்து பார்ப்போம்.

வேண்டியவை: 1.5 வோல்ற் பெரிய பெட்டரி 2, '2.5 வோல்ற் 0.3 அம்பியர்' டோர்ச் பல்ப் 3, ஹோல்டர் 3, மெல்லிய வயர் 2 மீற்றர், டேப். பல்ப் வாங்கும்போது உள்ளே இழை உள்ளதாகப் பார்த்துக் கேளுங்கள். வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கே 3 வோல்ற் அளவு வேண்டும், இரண்டைத் தொடராகக் கட்டினால் ஒன்றும் எரியாது. வீட்டு பிளக்கில் வரும் 230 வோல்ற்றை இதற்கு எடுக்கவே கூடாது.

படி 1. பெட்டரி இரண்டையும் ஒன்றின் தலை மற்றதன் அடியில் முட்டும்படி காகிதத்தில் இறுக்கிச் சுருட்டி டேப் ஒட்டுங்கள். வயர் முனைகளை 1 சென்ரிமீற்றர் உரியுங்கள். ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். போன் கமராவை நம்பாதீர்கள், அது மங்கலையும் தானாகவே தூக்கிக் காட்டும்.

எரியவில்லையா? பனிமூட்டமும் ஈரமும் உள்ள நுவரெலியா, தலவாக்கலை பக்கம் பெட்டரி முனையும் ஹோல்டர் தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மண்தாளால் தேய்த்தால் போதும். பல்ப் இல்லாமல் வயர் மட்டும் பெட்டரியின் இரு முனையையும் தொட்டால் சூடேறும், உடனே எடுத்துவிடுங்கள்.

படி 2, தொடர். பெட்டரியின் மேல் முனையிலிருந்து முதல் பல்ப், அதிலிருந்து அடுத்த பல்ப், பிறகு பெட்டரியின் அடி. இரண்டும் சிவந்து மங்கும். 3 வோல்ற் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு 1.5 தான் கிடைக்கிறது. வோல்ற் பாதியானால் வெளிச்சமும் பாதி என்று கணக்குப் போடாதீர்கள். இழையின் சூடு இறங்கிவிடுவதால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும்.

'முதல் பல்ப் கரண்ட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் அடுத்ததுக்கு' என்று பலர் நினைப்பார்கள். பல்ப்களை இடம் மாற்றிப் பாருங்கள், ஒரு மாற்றமும் இராது. ஒன்று மட்டும் பிரகாசமாக இருந்தால் அதன் கழுத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். 0.2 அம்பியர் பல்புக்குத் தடை (கரண்ட்டை எதிர்க்கும் அளவு) கூட, அதனால் தொடரில் அதுதான் முந்தும். சமாந்தரத்தில் 0.3 முந்தும்.

படி 3, சமாந்தரம். ஒவ்வொரு பல்பிலிருந்தும் தனித்தனியே இரு வயர்களைப் பெட்டரியின் இரு முனைக்கும் கொண்டுபோங்கள். இரண்டுக்கும் முழு 3 வோல்ற், இரண்டும் நன்றாக எரியும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது நிற்காது. ஆனால் பெட்டரி ஏறக்குறைய 0.6 அம்பியர் கொடுக்க வேண்டும், தீர்வதும் வேகம்தான்.

படி 4. தோட்டத்து லயத்தின் (வரிசை வீடுகளின்) கடைசி வீட்டில், மாலையில் எல்லாரும் ரைஸ் குக்கர் போடும் நேரம் இழை பல்ப் மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வீடுகள் சமாந்தரம்தான், ஆனால் அங்குவரை வரும் நீள வயர் அவை எல்லாவற்றுக்கும் தொடராக நிற்கிறது. மூன்றாவது பல்பை அந்த வயராக வைத்துக்கொள்ளுங்கள்: பெட்டரிக்கும் சமாந்தர ஜோடிக்கும் நடுவே அதைக் கட்டி, ஜோடியில் ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். மாட்டியதும் ஜோடி மங்கும், நடுவில் உள்ளது கூடுதலாக எரியும்.