பினாங்குப் புழுக்கத்தில் ஆறிய டாட்டூ

முன்கையில் டாட்டூ குத்திய முதல் சில நாள்கள் தொல்லையில்லை. அப்புறம் கோடுகளைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் கிளம்பின. சீழ் இல்லை, சூடு இல்லை, காய்ச்சலும் இல்லை. ஜார்ஜ் டவுன் புழுக்கத்தில், தடிப்பாகப் பூசிய களிம்புக்கு அடியில் வியர்வை மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று பட்டது. அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். ஆறாத புண்ணில் அது எரிச்சலைக் கிளப்பலாம், வேண்டாம்மா என்றேன்.

களிம்பைக் குறைத்தேன். வாசனையில்லாத சோப்பை நுரைத்து, விரல் நுனியால் மெல்லக் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்தேன், துண்டால் தேய்க்கவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு, வாசனையில்லாத லோஷன் பச்சைப்பயறு அளவு மட்டும். தோல் லேசாக மினுங்கினால் போதும், பிசுபிசுக்கக் கூடாது. வியர்த்தால் மறுபடியும் கழுவுவேன். பருக்கள் தானாக அடங்கின.

அடுத்தது அரிப்பு! மை கலந்த பொருக்கு கறுப்புச் செதிலாக உரிந்தது. மை நிற்பது அடித்தோலில், மேலே உரிவதால் படம் போய்விடாது. ஆனால் பிய்த்தால் அந்த இடம் வெளுத்துவிடும். தட்டிக்கொடுத்துச் சமாளித்தேன்.

மோட்டார்சைக்கிளில் போகும்போது நம்மூர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொண்டேன், வெயிலுக்கு அது போதும். சன்ஸ்கிரீன் எல்லாம் தோல் மூடிய பிறகுதான். பத்து பெரிங்கி கடற்கரையில் குளியலும் அதுவரை கிடையாது. சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ லோஷனை நம்பாமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.