சூட்டெண்ணெய்த் தொகுதி: மேலே நிற்கும் தாங்கி ஏன் சூடாகக் கூடாது

சூட்டெண்ணெய்த் தொகுதியில், அடுப்பில் சூடாக்கிய கனிய எண்ணெயைப் பம்பு குழாய்களில் சுற்றவிட்டு, சூட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த எண்ணெய் ஒவ்வொரு 100 பாகை செல்சியஸ் சூடேறும்போதும் 7 முதல் 8 சதவீதம் பெருக்கும். தார் உருக்கவோ உலர்த்தி ஓட்டவோ 30 பாகையிலிருந்து 280 வரை ஏற்றும்போது, 1000 லீற்றர் எண்ணெய் ஏறக்குறைய 200 லீற்றர் கூடிவிடும். கூடியது போய் நிற்கும் இடந்தான் விரிவுத் தாங்கி. ஆறியிருக்கையில் கால்வாசி, வேலைச் சூட்டில் முக்கால்வாசி என்று மட்டம் நிற்கவேண்டும். ஆகவே இந்தத் தொகுதிக்கு 400 லீற்றர் தாங்கி வேண்டும்.

தொகுதியின் ஆக உயரமான குழாய்க்கும் மேலே அதை வையுங்கள். தாங்கியிலிருந்து கீழே வரும் இறங்கு குழாயைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் சேருங்கள். எண்ணெயின் எடை பம்பைக் காற்றிழுக்க விடாது.

தாங்கி 60 பாகைக்குள் இருப்பதே நல்லது. அதற்குமேல் காற்றிலுள்ள ஒட்சிசன் எண்ணெயைக் கெடுக்கும். ஒவ்வொரு 10 பாகைக்கும் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அமிலமும் கரிச்சேறும் உண்டாகிச் சூடாக்கிக் குழாயில் படியும். சூட்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று தாங்கிக்கும் இறங்கு குழாய்க்கும் றொக்வூல் (சூடு போகாமல் தடுக்கும் கல்நார்ப் பஞ்சு போன்ற கனியப் பஞ்சு) சுற்றுகிறார்கள். சுற்றவே வேண்டாம்.

அடுத்த எதிரி தண்ணீர். ஆலையை நிறுத்தினால் எண்ணெய் சுருங்கி, தாங்கியிலிருந்து வெளியே திறந்திருக்கும் காற்றுக் குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். மட்டக்களப்பு, கல்முனைக் கரையோரத்தில் மாரி காலத்தில் அந்தக் காற்றோடு ஈரமும் வந்து அடியில் தேங்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 லீற்றர். கொதி எண்ணெயில் அது வெடித்தெழுந்தால் எண்ணெய் காற்றுக் குழாயால் பீறி அடுப்பின் மேல் விழும். எனவே அந்தக் குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, அடுப்புக்குத் தூரத்தில் தரையிலுள்ள சேகரிப்புத் தாங்கிக்குக் கொண்டுபோங்கள். அந்தக் காற்றுக் குழாயில் வால்வு ஒன்றும் போடக் கூடாது.

காலையில் அடுப்பு மூட்டுமுன் தாங்கியின் அடி வால்வைத் திறந்து, தண்ணீர் போய் எண்ணெய் வரும்வரை வடியவிடுங்கள். தண்ணீர் வந்திருந்தால், அல்லது புது எண்ணெய் நிரப்பியிருந்தால், ஈரம் போக்கும் வால்வைத் திறந்து எண்ணெயைத் தாங்கி வழியே சுற்றவிடுங்கள். மணிக்கு 20 பாகைக்கு மேல் ஏற்றாமல் 105–120இல் நிறுத்துங்கள். குழாயில் படபடவென்ற சத்தம் கேட்கும், பம்பின் அழுத்தமானி முள் ஆடும். சத்தம் ஓய்ந்து முள் நிலைக்கும்வரை மேலே ஏற்றாதீர்கள். புது எண்ணெய்க்கு ஒரு நாளுக்கு மேலும் எடுக்கலாம், அவசரப்படுத்த வழியில்லை.

பிறகு அந்த வால்வை மூடுங்கள். தாங்கி சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம் இதை மூட மறப்பதுதான். மூடியும் மறுநாள் வெப்பமானி 60ஐத் தாண்டினால், வால்வு உள்ளே கசிகிறது. வெறுங்கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

மட்டம் தாழ்ந்தால் அடுப்பை நிறுத்தும் ஆளியை மாதம் ஒருமுறை சோதியுங்கள். உமி, விறகு அடுப்பு டீசல் பேர்னர்போல் உடனே அணையாது; ஆளி விசிறியையும் எரிபொருள் ஊட்டியையும் சேர்த்து நிறுத்தவேண்டும். ஒரே சூட்டில் மட்டம் நாளுக்குநாள் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் புகைபோக்கியில் புகை தடித்தால் சூடாக்கிச் சுருள் ஓட்டையாகியிருக்கலாம், உடனே நிறுத்துங்கள். எண்ணெயால் தண்ணீர் சூடாக்கும் இடத்தில் மட்டம் ஏறினால், தண்ணீர் எண்ணெய்க்குள் வருகிறது.