சூடாக்கினால் எல்லா உப்பும் கூடுதலாகக் கரையுமா? வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

நிலாவெளி உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திகளில் கட்டி வெயிலில் வற்ற விடுகிறார்கள். பெரிய அண்டாவில் சூடாக்கி ஆறவிட்டால் உப்பு அடியில் படியாதா என்று திருகோணமலைப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அருமையான கேள்வி. ஒரு மாலைப்பொழுதும் ஓர் அடுப்பும் இருந்தால் விடையை நீங்களே கண்டுகொள்ளலாம்.

தேவையானவை: கறியுப்பு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் (இதுவும் ஒரு வகை உப்புத்தான்), கிராம் காட்டும் சமையல் தராசு, வெப்பமானி, இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், அவை நிற்கக்கூடிய ஒரு பாத்திரம். கிணற்று நீரில் ஏற்கெனவே பல உப்புகள் கலந்திருக்கும். காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் நல்லது. படிகாரக் கரைசலை யாரும் குடித்துவிடாதபடி போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். சிறு பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

படி 1: கறியுப்பு

100 மில்லிலீற்றர் நீரில் 40 கிராம் உப்பைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். நம்மூர் அறை வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதில் ஏறத்தாழ 36 கிராம் கரையும்; மீதி அடியில் கிடக்கும். இதுவே நிரம்பிய கரைசல். தூள் உப்பில் கட்டி பிடிக்காதிருக்கச் சேர்க்கும் பொருளால் நீர் சற்றுக் கலங்கலாம். அதைக் கரையாத உப்பு என்று எண்ண வேண்டாம்.

இனிப் பாத்திரத்தில் நீர் விட்டு, அடியில் ஒரு துணியை மடித்து வைத்து, அதன்மேல் போத்தலை நிறுத்தி மெல்லிய தீயில் சூடாக்குங்கள். போத்தலை நேரே நெருப்பில் வைக்கக் கூடாது. நீர் ஆவியாகிக் குறைந்தால் கணக்குப் பிழைத்துவிடும், ஆகவே போத்தலின் வாயை ஒரு தட்டால் மூடுங்கள். 60 பாகை தாண்டியும் அடியில் உப்பு கிடப்பதைக் காண்பீர்கள். 100 பாகையில்கூட 39 கிராம்தான் கரையும்.

பலர் குழம்புவது இங்கேதான். சூடான நீரில் உப்பு விரைவாகக் கரைகிறது. அதைப் பார்த்துவிட்டு, கூடுதலாகவும் கரையும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கரையும் வேகமும் கரையக்கூடிய உச்ச அளவும் வெவ்வேறு விடயங்கள். கரைதிறன் என்பது இரண்டாவது.

உப்பளக் கேள்விக்கும் இதுவே விடை. சூடான நிரம்பிய உப்புக் கரைசலை ஆறவிட்டால் இரண்டு மூன்று கிராம் மட்டுமே திரும்பக் கிடைக்கும். கடல்நீரோ நிரம்பிய கரைசலே அல்ல. ஒரு லீற்றரில் எல்லா உப்புகளும் சேர்ந்து 35 கிராம் அளவுதான். அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே கறியுப்பு படியத் தொடங்கும். கச்சான் காற்றும் கடும் வெயிலும் அந்த வேலையைச் செலவில்லாமல் செய்து தருகின்றன.

படி 2: படிகாரம்

இன்னொரு போத்தலில் 100 மில்லிலீற்றர் நீரும் 30 கிராம் பொடித்த படிகாரமும் எடுங்கள். 30 பாகையில் ஏறத்தாழ 17 கிராமே கரையும். முன்போலவே சூடாக்குங்கள். 45 பாகையைத் தாண்டியதும் அடியிலிருந்த தூள் முழுவதும் மறைந்து நீர் தெளிந்துவிடும். 60 பாகையில் 57 கிராம் வரை கரையும் உப்பு இது!

அடுப்பை அணைத்து, போத்தலைத் துணியால் சுற்றி அசைக்காமல் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் அடியில் பளிங்குகள் இருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: எட்டு முக்கோண முகங்கள், கூரிய விளிம்புகள், கண்ணாடி போன்ற தெளிவு. மெல்ல ஆறினால் பளிங்கு பெரிதாகும். பனிக்கட்டி நீரில் வைத்து ஆற்றினால் பொடிப்பொடியாகவே விழும். பொறுமையாக ஆறவிட்டதையே நான் விரும்புவேன்.

ஏன் இந்த வேறுபாடு? பளிங்கைப் பிரிக்க வெப்பம் தேவை. பிரிந்த அயன்களை, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களை, நீர் மூலக்கூறுகள் சூழும்போது வெப்பம் வெளிவரும். கறியுப்பில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், ஆகவே வெப்பநிலை மாறினாலும் கரைதிறன் அதிகம் மாறுவதில்லை. படிகாரம் கரையும்போது உறிஞ்சும் வெப்பமே மிகுதி. சூடு கூடக்கூட அது நன்றாகக் கரைகிறது. சுண்ணாம்பு இதற்கு நேர்மாறு: கல்சியம் ஐதரொட்சைட்டு சூட்டில் குறைவாகவே கரையும்.

படி 3: உங்கள் வரைபு

20, 30, 40 கிராம் படிகாரத்தைத் தனித்தனியே 100 மில்லிலீற்றர் நீரில் எடுத்து, கடைசித் துகள் மறையும் வெப்பநிலையைக் குறித்து வரைபுத்தாளில் புள்ளியிடுங்கள். மெதுவாகச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே வாசியுங்கள். ஆறும்போது வாசித்தால் பளிங்கு தோன்றும் வெப்பநிலை இதைவிடக் குறைவாக வரலாம். கரைசல் மிகைநிரம்பிய நிலையில், அதாவது கரையக்கூடிய உச்ச அளவைவிடக் கூடுதலாகக் கரைந்திருக்கும் நிலையில், சற்று நேரம் தங்கிவிடுகிறது. அப்போது ஒரு சிறு படிகாரத் துணுக்கை உள்ளே போட்டால் அதைச் சுற்றிப் பளிங்கு வளரத் தொடங்கும்.