கோடைகால முகாம்: ஆர்வம் வெவ்வேறான பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே கோடைகால முகாம்களின் துண்டறிக்கைகள் நாளிதழோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, தங்களுக்கு எது தேவை என்பதைத் தீர்மானிக்காமலேயே பணம் கட்டிவிடுவதாகும். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை பிள்ளையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். வேறு சில வீடுகளில் பிள்ளை ஒன்றை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஒரே இடத்தில் அமைவது அரிது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் வெயிலை முன்னிட்டு அதிகாலையிலும் மாலையிலுமே நடைபெறுகின்றன. தடகளமோ கால்பந்தோ முறைப்படி பழக அவை நல்ல இடங்கள்தாம். ஆனால் நண்பகலில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவிக்கும் பெற்றோருக்கு அவை விடையாகா. மறுபுறம், பகல் முழுவதும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் முகாமில் பாதுகாப்பும் நல்ல பொழுதும் கிடைத்தாலே போதும் என்று மனத்தைத் தயார்செய்துகொள்வது நியாயமானது.

அடுத்த தவறு பட்டியலில் மயங்குவது. களிமண் சிற்பம், கராத்தே, கீபோர்டு, யோகா, ரோபோட்டிக்ஸ் என்று பத்து நாளில் இருபது கலை என்றால், ஒரு கலைக்குக் கிடைப்பது அரை நாள். அந்த அரை நாளிலும் பசை காயக் காத்திருக்கும் நேரம் உண்டு. ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு, அதற்கு எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாத நிலையில், இத்தகைய கதம்ப முகாம் பொருந்தக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஏற்கெனவே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எல்லாம் படங்களால் நிரப்பும் பத்து வயதுப் பிள்ளைக்கோ அது வெறும் காலவிரயம். சென்ற ஆண்டு பிள்ளைகள் செய்த பொருள்களைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். முப்பது பொம்மைகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருந்தால், அவற்றைச் செய்தவர் ஆசிரியரே என்று கொள்க.

உடன்பிறந்தவர்களை ஒரே முகாமில் சேர்ப்பது வசதியானது. ஒரே வேன், இரண்டாவது பிள்ளைக்குக் கட்டணச் சலுகை. இதன் விலையைப் பெரும்பாலும் மூத்த பிள்ளையே கொடுக்கிறது. பன்னிரண்டு வயது அக்காளும் ஏழு வயதுத் தம்பியும் ஒரே குழுவில் இருந்தால், தம்பியின் தண்ணீர் பாட்டிலுக்கும் செருப்புக்கும் அவளே காவல் என்றாகிவிடுகிறது. ஒரே இடம்தான் முடியும் என்றால், வயதுவாரியாகத் தனிக் குழுக்கள் உண்டா, ஒரே நேரத்தில் ஒருவர் ஓவியத்துக்கும் மற்றவர் விளையாட்டுக்கும் செல்ல வழியுண்டா என்று கேட்க வேண்டும். இருவரையும் ஒரே இடத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அரசின் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றைக் கற்பிக்கின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. ஒரு பிள்ளை விளையாட்டரங்குக்கும் இன்னொரு பிள்ளை நூலகத்துக்கும் செல்லும் கோடையில் செலவு கூடத்தான் வேண்டும் என்பதில்லை.

ஆர்வத்தைக் கண்டறிவதில்தான் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. எதில் சேர விருப்பம் என்று நேரடியாகக் கேட்டால், பிள்ளை தன் நண்பன் சேரும் வகுப்பின் பெயரைச் சொல்லும். யாரும் சொல்லாமலே அது எதைத் தேடிச் செய்கிறது என்பதை ஓரிரு வாரங்கள் கவனிப்பதே நம்பத்தக்க வழி. அப்போதும் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். கிரிக்கெட் ஆட்டத்தை விடாமல் பார்க்கும் சிறுவனுக்கு மைதானத்தில் ஓடுவதைவிட ஓட்டக் கணக்கிலேயே இன்பம் இருக்கலாம். பழைய கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் சிறுமிக்கு ரோபோட்டிக்ஸ் வகுப்பு ஏற்றதுதான். ஆனால் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு கருவிப் பெட்டி என்றால் அவள் வேடிக்கை பார்த்துவிட்டு வருவாள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சதுரங்க சாம்பியன் ஆனது நமக்கெல்லாம் பெருமை; அந்தப் பெருமைக்காக, ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்காராத பிள்ளையைச் சதுரங்கப் பலகையின் முன் நாள்தோறும் மூன்று மணி நேரம் உட்கார வைப்பது கொடுமை. கையெழுத்துப் பயிற்சியும் அபாகஸும் பெற்றோரின் தேவைகள். அவற்றில் சேர்ப்பதில் தவறில்லை. அதையே பிள்ளையின் விடுமுறை மகிழ்ச்சியாகக் கணக்கெழுதுவதுதான் பிழை.

இடத்தைப் பாராமல் சேர்ப்பது மன்னிக்க இயலாத தவறு. முகாம் நடக்கும் நேரத்தில் நேரில் செல்ல வேண்டும். புதிய முகாம் என்றால் வகுப்பறைகளையும் கழிப்பறைகளையுமாவது பார்த்துவிட வேண்டும். சிறு குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார், பிள்ளையை யாரிடம் மட்டும் திருப்பி ஒப்படைப்பார்கள், பயிற்சியாளர்களின் பின்னணி விசாரிக்கப்பட்டதா ஆகிய கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். இவற்றுக்கு முகம் சுளிக்கும் நிர்வாகத்திடம் பிள்ளையை விடாதிருப்பதே நல்லது.

நீச்சலைப் பொறுத்தவரை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். கற்றுத் தருபவரைத் தவிர, குளத்தை மட்டுமே கண்காணிக்கும் உயிர்காப்பாளர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். சிறுவர்களுக்கு ஆழம் குறைந்த தனிக் குளம் வேண்டும். ஒரு நாள் சுற்றுலா என்ற பெயரில் முன்னறிவிப்பின்றி நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டா என்பதையும் விசாரித்து, இருந்தால் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அழைத்துச் செல்லலாகாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

மே மாதத் தொடக்கத்திலிருந்து கத்திரி வெயில் காய்கிறது. காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் திறந்தவெளி விளையாட்டு வைத்திருக்கும் கால அட்டவணையை ஏற்கவே கூடாது. தகரக் கூரையின் கீழ் நடக்கும் வகுப்பும் ஏறக்குறைய அதே கதிதான்.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது தொகையை மட்டும் அன்று. இரண்டொரு நாள் வந்து பார்க்க அனுமதி உண்டா, இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். முதல் நாள் அழும் பிள்ளை மூன்றாம் நாள் பழகிவிடுவது இயல்பு. ஒரு வாரம் கழிந்தும் காலையில் வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளையிடம், அங்கே என்ன நடக்கிறது என்று தனியே அமர்ந்து கேட்க வேண்டும். கட்டிய பணம் போகிறதே என்ற கவலை அந்தப் பேச்சுக்குள் வராதிருக்கவே அந்த ரசீது.